எங்கள் பெயரால் கோபப்படும் முன்: செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

2025 மே 8 அன்று பிற்பகல் உங்களில் ஒரு நிறுவனத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டு இரண்டு வாரம் கடந்திருந்தது. எல்லைக்கு அப்பால் நம் படைகள் தாக்கி ஒரு நாள் ஆகியிருந்தது. அன்றிரவு விவாதத்துக்கு 'ராணுவ வீரரின் மனைவி' என்ற முறையில் நான் வர வேண்டும் என்றார் பேசிய இளைஞர். என் கணவர் ராணுவத்தில் இல்லை, மத்திய ரிசர்வ் காவல் படையில் தலைமைக் காவலராக இருக்கிறார் என்றேன். "மக்களுக்கு எல்லாம் ஒன்றுதான், மேடம்" என்றார். அப்படியானால் அந்தப் படையினரின் ஓய்வூதியம் பற்றியும் விடுப்பு பற்றியும் இரண்டு நிமிடம் பேசலாமா என்று கேட்டேன். இன்றைய தலைப்புக்கு அது பொருந்தாது, பாகிஸ்தானுக்கு என்ன பதிலடி தர வேண்டும் என்பதை மட்டும் உணர்ச்சியோடு சொன்னால் போதும் என்றார். நான் போகவில்லை.

அந்த இளைஞரின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தார். சொன்னவர்கள் நீங்கள். ஆகவே இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். இதில் இருப்பது ஆறு ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடப்பது.

2019 பிப்ரவரி 14, வியாழக்கிழமை. பொங்கல் விடுப்பு முடிந்து என் கணவர் காஷ்மீருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பனியால் ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலை பல நாட்கள் மூடிக் கிடந்ததால் ஜம்முவில் இடைத்தங்கல் முகாமில் ஆட்கள் சேர்ந்துபோயிருந்தார்கள். முதல் நாள் இரவு வேறொருவரின் போனிலிருந்து பேசினார். விடியுமுன் கான்வாய் கிளம்புகிறது, மாலையில் ஸ்ரீநகர் போய்விடுவோம், போனதும் அழைக்கிறேன் என்று சொன்னார். 78 வண்டிகள், 2,500 பேருக்கு மேல். அத்தனை பேர் ஒரே சாலையில் ஒரே நாளில் போனார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஐந்து மணிக்கு வீடு திரும்பியபோது தெருமுனைக் கடையில் தொலைக்காட்சியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றுபோனது. புல்வாமா மாவட்டத்தின் லெத்போரா என்ற ஊர்ப் பெயரை அப்போதுதான் முதன்முதலில் கேட்டேன். வெடிமருந்து நிரப்பிய காரை பேருந்தோடு மோதியிருக்கிறான் ஒருவன். எத்தனையாவது வண்டி, எந்த பட்டாலியன் என்று திரையில் யாரும் சொல்லவில்லை. எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அவருடைய எண்ணை அழைத்தால் அணைந்திருக்கிறது என்று வந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது. அங்கே வேலை பார்ப்பவர்களின் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அங்கு போய் அங்குள்ள எண்ணை எடுத்து அழைக்கும் வரைக்கும் எங்களுக்கு அந்த மௌனம் பழக்கம். ஆனால் உங்கள் செய்தியாளருக்குத் தெரியவில்லை. இரவு ஏழு மணி அளவில் அவரும் கேமராக்காரரும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பட்டியல் ஒன்று அவர் கையில் இருந்தது. என் கணவரின் பெயரைப் போல ஒரு பெயர் அதில் இருந்தது. படையிலிருந்து எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்று என் கொழுந்தனார் சொன்னார். "போன் அணைந்திருக்கிறதே, நாங்களும் அடித்துப் பார்த்தோமே" என்று பதில் வந்தது. அணைந்த போன் அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது.

சீருடையில் ஒரு படம் கேட்டார்கள். என் மாமியார், ஒன்றும் புரியாமல், சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். பிறகு என்ன நடந்தது என்று அவருக்கே சொல்லத் தெரியாது. அவர் தரையில் விழுந்து அழுததும் கேமராவின் விளக்கு அவர் முகத்தில் இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அரை மணி நேரத்தில் அந்தப் படம் திரையில் வந்தது. 'வீரமரணம், கிராமமே சோகம், உறவினர்கள் கதறல்.' என் மகனுக்கு அப்போது எட்டு வயது. அப்பா இறந்துவிட்டதாக அவன் உங்களிடமிருந்துதான் கேட்டான். அம்மா எதையும் சொல்லாமல் மறைத்துவிட்டாள் என்று பல மாதங்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு என் கணவர் அழைத்தார். வெடித்த பேருந்துக்குச் சில வண்டிகள் பின்னால் இருந்திருக்கிறார். உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். நான் பேசுவதற்குள் வரிசையில் நின்ற அடுத்தவருக்குப் போனைக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று அவர் கைகளால் என்னென்ன எடுத்துச் சேர்த்தார் என்பதை இன்று வரைக்கும் முழுதாகச் சொன்னதில்லை. நானும் கேட்பதில்லை.

அன்று 40 பேர் இறந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வீட்டுக்கும் அரியலூர் மாவட்டத்தில் ஒரு வீட்டுக்கும் அந்தச் செய்தி மெய்யாகவே போனது. என் வீட்டில் பொய்யாகிவிட்டது என்று நான் மகிழ்ந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் அது உறுதியாகிக்கொண்டிருந்தது. அந்த மகிழ்ச்சிக்காக நான் இன்னும் கூசுகிறேன். ஆகையால் என் வீட்டுக்கு நேர்ந்ததைப் பெரிய துயரமாக இங்கே வைக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்தப் படத்தைத் திரையிலிருந்து எடுத்தீர்களே, தவறு நடந்துவிட்டது என்று ஒரு வரி ஓட விட்டீர்களா? நான் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து ஊரிலிருந்து மாலையோடு வந்தவர்களிடம் அவர் உயிரோடு இருக்கிறார் என்று நாங்களே சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

அவசரம் உயிரை வாங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2008-இல் மும்பையில் தாஜ் ஓட்டலையும் நரிமன் இல்லத்தையும் மீட்கப் போன கமாண்டோக்களின் ஒவ்வோர் அசைவும் நேரலையில் ஓடியது. எல்லைக்கு அப்பால் உட்கார்ந்து தாக்குதலை இயக்கியவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து உள்ளே இருந்தவர்களுக்கு உத்தரவு கொடுத்தார்கள். 2012 ஆகஸ்டில், அந்தத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட கசாபின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. பஹல்காமுக்குப் பிறகு ஏப்ரல் 26 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும், படை நடமாட்டத்தை நேரலையில் காட்டாதீர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் அறிவுறுத்தியது. அதற்குப் பின்னும் மே 8 இரவு என்ன நடந்தது? கராச்சித் துறைமுகம் தகர்ந்துவிட்டது என்று நாட்டின் பெரிய தொலைக்காட்சிகள் பல முழங்கின. அது பொய். நான் போக மறுத்த அதே இரவு. ஸ்டுடியோவில் சைரன் ஒலிக்கவிட்டுக் கொண்டாடியவர்களுக்கு எல்லையோரத்தில் பூஞ்ச் போன்ற ஊர்களில் பீரங்கிக் குண்டுக்குப் பயந்து பதுங்கியவர்கள் நினைவுக்கு வரவில்லை.

போர் வேண்டாம் என்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. தாக்க வேண்டிய நேரத்தில் தாக்குவது படையின் வேலை. அதை முடிவு செய்வது அரசின் வேலை. என் கணவர் அந்த வேலையை அறிந்தே ஏற்றுக்கொண்டவர். நானும் அறிந்தே அவரை மணந்தேன். பயங்கரவாதத்தைக் கண்டு மக்களுக்கு வரும் கோபமும் நியாயமானது. பஹல்காமில் புல்வெளியில் குடும்பத்தோடு நின்றவர்களைப் பெயரும் மதமும் கேட்டுச் சுட்டவர்கள் மேல் கோபம் வராதவர் யார்? அந்தக் கோபத்தை நீங்கள் எந்தப் பக்கம் திருப்பி விடுகிறீர்கள் என்பதுதான் என் வழக்கு.

புல்வாமாவுக்குப் பிறகு டேராடூன் போன்ற ஊர்களில் படித்துக்கொண்டிருந்த காஷ்மீர் மாணவர்களை அறையை விட்டுத் துரத்தினார்கள், அடித்தார்கள். எங்கள் ஆட்கள் இறந்ததற்குப் பழி என்றார்கள். அப்போது எங்கள் படை என்ன செய்தது என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். 40 பேரை இழந்த இரண்டு நாளில் அதே மத்திய ரிசர்வ் காவல் படையின் 'மததகார்' உதவி மையம், தொல்லைக்கு ஆளாகும் காஷ்மீர் மாணவர்கள் 14411 என்ற எண்ணில் எங்களை அழைக்கலாம் என்று அறிவித்தது. சவப்பெட்டிகள் ஊர் சேர்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நான் என் வகுப்பில் வீரம் என்ற சொல்லை விளக்கும்போது இதைத்தான் சொல்கிறேன். 1965 ஏப்ரல் 9 அன்று கட்ச் பகுதியில் சர்தார் காவல் நிலையில் நின்று பெரிய பாகிஸ்தான் ராணுவப் பிரிவைத் தடுத்து நிறுத்திய சிறு காவல் படையும் இதே படைதான், 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வாசலில் முதலில் அபாயக் குரல் எழுப்பி உயிர்விட்ட காவலர் கமலேஷ் குமாரியும் இதே படைதான் என்று சேர்த்துச் சொல்வேன். அவருக்கு அசோக சக்கரம் கொடுத்தார்கள். மாணவர்கள் வியந்து கேட்கிறார்கள். இதுவரை எந்தப் பிள்ளையும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன் என்று சொன்னதில்லை.

2025-இல் பஹல்காமில் கணவரை இழந்த இளம் பெண் ஒருவர், கடற்படை அதிகாரியின் மனைவி, நீதி வேண்டும், ஆனால் முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பு வேண்டாம் என்றார். திருமணமாகிச் சில நாட்களே ஆகியிருந்தவர். கணவரின் உடலருகே அவர் அமர்ந்திருந்த படத்தை நாடே பகிர்ந்து அழுதது. அவர் வாய் திறந்ததும் அதே நாடு அவரை ஏசியது. தேசிய மகளிர் ஆணையம் கண்டிக்க வேண்டிய அளவுக்கு ஏசியது. அழும்வரை எங்களைக் கும்பிடுகிறீர்கள். நாங்கள் பேசினால் உங்களுக்குப் பொறுப்பதில்லை. எனக்கு மே 8 அன்று வந்த தொலைபேசியும் இதுவேதான்.

இப்போது அந்த இரண்டு நிமிடத்தில் நான் பேச நினைத்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் இறந்தால் நீங்கள் அவரை ராணுவ வீரர் என்பீர்கள். உயிரோடு இருக்கும்வரை அரசுக்கு அவர் போலீஸ். மத்திய ரிசர்வ் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகள் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. 2004 ஜனவரி 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. முப்படைக்கு மட்டும் அது தொடர்கிறது. என் கணவர் சேர்ந்தது 2007. இவர்களும் ஒன்றியத்தின் ஆயுதப் படையினர்தான், பழைய ஓய்வூதியம் இவர்களுக்கும் பொருந்தும் என்று 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் சென்று தடை பெற்றது. தாக்குதலில் இறந்தால் குடும்பத்துக்குத் தனி ஓய்வூதியம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. இருபது ஆண்டு காடும் பனியும் பார்த்து உயிரோடு திரும்புகிறவரைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற எங்கள் உறவினர் ஒருவர் பிள்ளையின் படிப்புக்கு உதவி கேட்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனார். நீங்கள் முன்னாள் படைவீரர் பட்டியலில் வரமாட்டீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகவே சொன்னாராம். விதி அப்படி. எங்கள் உறவினரின் உடம்பில் இன்னும் குண்டுச் சிதறல் துண்டு இருக்கிறது. ஊரில் அவரை 'மிலிட்டரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீங்கள் திரையில் எல்லோரையும் ராணுவ வீரர் என்று எழுதும்போது மரியாதை செய்வதாக நினைக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லால் இவர்களுக்குக் கிடைக்காதது எல்லாம் மக்கள் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. ராணுவத்துக்குக் கொடுப்பதெல்லாம் இவர்களுக்கும் கிடைக்கும் என்று என் சக ஆசிரியர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

விடுப்பு. ஆண்டுக்கு 100 நாளாவது இவர்கள் குடும்பத்தோடு இருக்க வழி செய்யப்படும் என்று 2019-இல் உள்துறை அமைச்சர் அறிவித்தார். சென்ற ஆண்டு என் கணவர் வீட்டில் இருந்த நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். 52. அதில் வழிப்பயணமும் அடக்கம். தேர்தல் வந்தால் எந்த மாநிலத்துக்கும் அனுப்புவார்கள், கலவரம் என்றாலும் வெள்ளம் என்றாலும் அனுப்புவார்கள். மகனின் பள்ளி ஆண்டு விழாவை அவர் இதுவரை ஒருமுறைதான் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று. புல்வாமா நடந்து ஒரு வாரத்தில், பிப்ரவரி 21 அன்று, தில்லி - ஸ்ரீநகர், ஜம்மு - ஸ்ரீநகர் தடங்களில் காவலர் நிலையில் உள்ளவர்களும் விமானத்தில் போகலாம் என்று அரசு உத்தரவிட்டது. ஒரே வாரத்தில் முடிந்த காரியம். அதற்கு முன்பு அதிகாரிகளுக்கு இருந்த விமானம் காவலருக்கு ஏன் இல்லை என்று உங்களில் யாராவது ஒருநாள் கேட்டிருந்தால்? அந்த உத்தரவு முந்திய ஆண்டே வந்திருந்தால்? இந்தக் கேள்விக்கு எதிர்ப்பக்கத்தில் பாகிஸ்தான் இல்லை. ஆகையால் அது விவாதத் தலைப்பாகவில்லை.

2010 ஏப்ரல் 6 அன்று சத்தீஸ்கரின் தண்டேவாடா காட்டில் ஒரே காலையில் 76 பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் எங்கள் படையினர். புல்வாமாவின் எண்ணிக்கையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அன்று எத்தனை ஊரில் மெழுகுவத்தி ஏற்றினார்கள்? என் கணவர் அப்போது அதே மாநிலத்தில் வேறு முகாமில் இருந்தார். எங்கள் தெருவில் ஒருவரும் வந்து விசாரிக்கவில்லை. கொன்றவன் எல்லைக்கு அப்பால் இருந்து வந்தால் இறந்தவன் வீரனாகிறான், உள்நாட்டுக் காட்டிலிருந்து வந்தால் எண்ணிக்கையாகிறான். பெட்டிக்குள் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அவர் மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

படையோ மாவட்ட நிர்வாகமோ குடும்பத்துக்கு நேரில் தெரிவித்து, அதிகாரபூர்வமாகப் பெயரை வெளியிடும்வரை எந்த வீரரின் பெயரையும் படத்தையும் வீட்டையும் காட்டாதீர்கள். அரை மணி நேரம் பின்தங்கினால் உங்களுக்கு நேயர்கள் சிலர் குறைவார்கள். அந்த இழப்பை நீங்கள் ஏற்க வேண்டும். தவறு நேர்ந்தால் அதே நேரத்தில், அதே அளவில், திருத்தமும் மன்னிப்பும் ஒளிபரப்புங்கள்.

சாவு வீட்டில் கேமரா வாசலுக்கு வெளியே நிற்கட்டும். குழந்தைகளின் முகத்தைக் காட்டாதீர்கள். அழும் தாயின் வாயில் மைக்கை நீட்டி, பழிவாங்க வேண்டுமா என்று கேட்காதீர்கள்.

இறந்தவர் எந்தப் படை, எந்தப் பதவி, எத்தனை ஆண்டு சேவை என்று சரியாகச் சொல்லுங்கள். எழுத இடமில்லை என்றால் ஊர்வலக் காட்சியில் ஒன்றைக் குறையுங்கள்.

மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டியைப் பின்னணியில் ஓடவிட்டுக்கொண்டு விவாதம் நடத்தாதீர்கள். ஒரு மதத்தாரையோ மாநிலத்தாரையோ குற்றவாளியாக்கி விருந்தினர் பேசினால் அந்த நொடியே நெறியாளர் நிறுத்த வேண்டும்.

அடுத்த தாக்குதல் நடக்கும்வரை காத்திருக்காமல், ஒரு மணி நேரம், மக்கள் பார்க்கும் இரவு நேரத்தில், மத்திய ஆயுதக் காவல் படையினரின் ஓய்வூதியம், விடுப்பு, பயணம், ஓய்வுக்குப் பிந்திய நிலை பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்துங்கள். உள்துறை அமைச்சகத்தின் பிரதிநிதியை அழையுங்கள். தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களில் எத்தனை பேர் இதைப் பற்றி அவையில் கேட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பணியில் இருப்பவர்கள் பேச முடியாது, விதி தடுக்கும். ஓய்வுபெற்றவர்கள் பேசுவார்கள். மனைவிமார் நாங்கள் பேசுவோம். அந்த நிகழ்ச்சிக்கு அழைத்தால் என் சொந்தச் செலவில் பஸ் ஏறி வருகிறேன்.

2019 பிப்ரவரியில் என் கணவர் இறந்ததாகச் செய்தி ஓட்டிய நிறுவனத்துக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். என் மகனுக்கு இப்போது பதினான்கு வயது. அவன் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நடந்தது தவறு என்று. முகவரி அந்தப் பதிவுத் தபாலில் இருக்கிறது.

இப்படிக்கு,
மத்திய ரிசர்வ் காவல் படைத் தலைமைக் காவலர் ஒருவரின் மனைவி,
விருதுநகர் மாவட்டம்